செப்படி வித்தையும் முடிச்சுமாறியும்

பேதைமையைக் கண்டு நகைப்பது எளிது. அப்பேதைமையாற் பயன்பெறுவோர் யாவர் என வினவுதல் அரிது. மூடரையும் ஏமாற்றையும் சித்திரிக்கும் ஐரோப்பிய அங்கத ஓவியங்களை மதிப்பிடும்பொழுது இவ்வேறுபாட்டினை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நிலமானிய அமைப்புத் தளர்ந்துகொண்டிருந்தது. வணிகச் செல்வம் நகரங்களிற் பெருகிற்று. பழைய அறநெறிகள் ஆட்டங்கண்ட அக்காலத்திலேதான் மூடர் பற்றிய இலக்கியமும் ஓவியமும் செழித்தன. சட்ட அறிஞரான செபஸ்தியன் பிராண்ட் 1494இல் பாசல் நகரில் வெளியிட்ட ‘மூடர் கப்பல்’ நூற்றுக்கு மேற்பட்ட மூடர் வகைகளை நிரைப்படுத்துகின்றது. விளங்காத நூல்களைக் குவித்து வைத்திருக்கும் புத்தகப் பித்தனே அவ்வரிசையில் முதல்வன். கற்றோரையும் விட்டுவைக்காத அந்நேர்மை பாராட்டற்குரியது. ஆயினும் எல்லோரும் மூடரே என்னும்போது, ஏய்ப்பவனும் ஏய்க்கப்படுபவனும் ஒரே கப்பலிற் சமமாகிவிடுகின்றனர். குற்றம் தனிமனித ஒழுக்கத்தின்மீது சுமத்தப்படுகின்றது. சமுதாய உறவுகள் மறைந்துவிடுகின்றன.

ஹிரோனிமஸ் பொஸ்க்கின் பெயரால் வழங்கும் ‘செப்படி வித்தைக்காரன்’ இதனினும் ஒருபடி முன்னே செல்கின்றது. பிரான்சின் சென் ஜெர்மன் ஆன் லே நகரிலுள்ள இவ்வோவியம் அவர் பாணியைப் பின்பற்றிய வேறொருவரது கைவண்ணமாகலாம் எனவும் ஆய்வாளர் கருதுவர். மேசையின் ஒருபுறம் வித்தைக்காரன் தனியே நிற்கின்றான், மறுபுறம் கூட்டம். செப்புகளையும் உருண்டைகளையும் வைத்த கண் வாங்காது குனிந்து நோக்குகின்றார் ஒருவர்; அவர் வாயிலிருந்து தவளையொன்று வெளிப்படுகின்றது. அவர் பின்னால் நிற்பவனது கண்கள் வானை நோக்குகின்றன. கையோ அவரது பணப்பையைக் கவர்கின்றது. ஒருவன் வித்தை காட்ட, மற்றவன் முடிச்சவிழ்க்கின்றான். இருவரும் கூட்டாளிகளா என ஓவியன் கூறவில்லை. ஆனால் ஒருவனது வித்தை மற்றவனது வருவாய்க்கு வழிசெய்கின்றது என்பது கண்கூடு. ஏமாற்று தனியொருவனின் தீக்குணமன்று; அஃது ஓர் ஏற்பாடு என்ற உண்மை இங்கே புலனாகின்றது.

இதனைக்கொண்டு பொஸ்க்கைக் கலகக்காரராக்க முனைதல் வரலாற்றுக்கு முரணாகும். அவர் தம் ஊரின் மரியாதைக்குரிய சமயச் சங்கமொன்றின் உறுப்பினர். ஏமாந்தவர் வாயில் தவளையை வைத்த கை, நகைப்பின் கூர்முனையை அவர்மீதே திருப்புகின்றது. இதுவே அவ்வங்கதத்தின் எல்லை.

அவ்வெல்லையைக் கடந்தவர் பீற்றர் புறூகல். 1568இல் அவர் தீட்டிய ‘குருடரை வழிநடத்தும் குருடர்’ விவிலிய உவமையினின்றும் பிறந்தது. அறுவர் ஒருவர்பின் ஒருவராகச் செல்ல, முன்னவன் பள்ளத்தில் வீழ்ந்துவிட்டான். பின்னே தேவாலயம் அசையாது நிற்கின்றது. அவர்களுட் சிலரது கண்ணோயை மருத்துவர் இனங்காணத்தக்க நுட்பத்துடன் புறூகல் தீட்டியுள்ளார். துன்பத்தை இத்துணைக் கூர்ந்து நோக்கியவனால் அதனை எள்ளி நகையாட இயலாது. உவமைக் குருடர் இங்கே உண்மை மனிதராகின்றனர். யதார்த்தவாதத்தின் வெற்றி இதுவே.

மக்களின் அறியாமையை நகைப்பதே முற்போக்கு என எண்ணும் எழுத்தாளர் இவ்வோவியங்களை ஒப்புநோக்குதல் நன்று. ஏமாந்தவனைச் சுட்டிச் சிரிக்கும் அங்கதம், முடிச்சுமாறி தப்பிச்செல்ல அவகாசம் அளிக்கின்றது. பையிலிருக்கும் கையைக் காட்டும் அங்கதமே மக்கள் பக்கம் நிற்பதாகும்.