கல் பிளந்தாலும் அச்சிடு

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு சிறு வீடு. அங்கேதான் 1957இல் டாட்டியானா கிராஸ்மன் கல்லச்சுப் பட்டறை தொடங்கினார். ரஷ்யாவில் பிறந்தவர், நாஜிகளுக்குத் தப்பிக் கணவர் மாரிஸுடன் அமெரிக்கா வந்தவர். கல்லச்சின் சூத்திரம் எளிது: எண்ணெய்ப்பசைக் கோட்டில் மை பிடிக்கும், ஈரக்கல் மையை விலக்கும். கல்லைத் தூக்குவதுதான் எளிதல்ல. 1960இல் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் வரையட்டும் என்று அவருடைய ஸ்டுடியோவுக்கே கற்களை அனுப்பிவைத்தார் இந்த அம்மையார். அன்பான பிடிவாதம்!

அதே பட்டறையில் ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் வரைந்த கல் அச்சேறும்போது பிளந்தது. மாற்றுக் கல்லும் பிளந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்திருப்பார்கள். ராஷன்பர்க்கும் பட்டறைக்காரர்களும் பிளவோடேயே அச்சிட்டார்கள். படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல். ‘விபத்து’ என்றே பெயர் வைத்தார்கள். 1963இல் லுப்லியானா நகர அச்சுக்கலைக் கண்காட்சியில் அதற்குத்தான் முதற்பரிசு.

பட்டறையின் முதல் அச்சு வல்லுநர் ராபர்ட் பிளாக்பர்ன். நியூயார்க்கில் சொந்த அச்சுக்கூடமும் நடத்திய கறுப்பினக் கலைஞர். ஆனால் படத்தில் கையெழுத்து ஓவியருடையது மட்டுமே. அடுத்தமுறை அருங்காட்சியகத்தில் அச்சோவியம் பார்த்தால், அச்சிட்டது யார் என்றும் கேளுங்கள்.