மறுபடி ஓட்டினால் மறையும் எச்சரிக்கை

சென்னை மாத்தூரில் குடியிருப்பவர்களுக்கு மணலி ஆலைப் பக்கத்து வாடை புதிதல்ல. ராத்திரி காற்று திரும்பினால் தொண்டை கமறும். புகார் கேட்டு மறுநாள் யாராவது வந்து பார்க்கும்போது ஒன்றுமே இருக்காது. டேட்டாபேஸ் சர்வரில் மெமரி சோதனைக் கருவி எப்போதாவது தரும் வார்னிங்கும் இந்த ரகம்தான். அதற்கு எங்கள் துறையில் ஊறிப்போன வைத்தியம் ஒன்று உண்டு: டெஸ்ட்டை இன்னொரு தடவை ஓட்டு, பச்சை வந்தால் விட்டுவிடு.

இந்தக் கருவிகளில் பெயர்பெற்றது ஜூலியன் செவார்ட் உருவாக்கி 2002இல் வெளிவந்த வால்கிரைண்ட். மெமரியின் ஒவ்வொரு பிட்டிலும் மதிப்பு போடப்பட்டிருக்கிறதா என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. மதிப்பு போடாத மெமரியை நகலெடுத்தால் பேசாமல் இருக்கும். அதை நம்பி நிரல் ஒரு கிளையில் திரும்பும்போதோ, டிஸ்க்கில் எழுதப் போகும்போதோதான் வாய் திறக்கும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தப்பு நடந்த இடம் ஒன்று, வார்னிங் வரும் இடம் வேறொன்று ஆகிவிடுகிறது.

வார்னிங் ஏன் விட்டு விட்டு வருகிறது? டேட்டாபேஸ் சர்வர்கள் பெரிய மெமரித் துண்டை மொத்தமாக வாங்கி, தாங்களே கூறுபோட்டுக் கொடுப்பவை. ஒரு த்ரெட் பயன்படுத்தித் திருப்பிய துண்டில் பழைய பைட்டுகள் கிடக்கும். அதே துண்டு இன்னொரு வேலைக்குப் போனால், கருவியின் கணக்கில் அது ஏற்கெனவே மதிப்பு போட்ட மெமரி. தப்பு அப்படியே இருக்கும், வார்னிங் வராது. புதுத் துண்டு வந்து விழுகிற அன்றைக்கு மட்டும் வரும். எந்தத் துண்டு யாருக்கு என்பது த்ரெட்டுகள் ஓடும் வரிசையைப் பொறுத்தது. ஆக, இரண்டாம் ஓட்டத்தில் வந்த பச்சை எதையும் நிரூபிக்கவில்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 2013 வாக்கில் இதற்கு முறையான வழி செய்தார்கள்: தன் மெமரியை எப்போது கொடுக்கிறது, எப்போது திரும்ப வாங்குகிறது என்று சர்வரே வால்கிரைண்டுக்குச் சொல்லிவிடும்.

கருவியின் மேலும் குறை உண்டு. நிரல் 20, 30 மடங்கு மெதுவாகிறது. த்ரெட்டுகள் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓடும். டைம்-அவுட் ஆகி, வேறெப்போதும் போகாத பாதையில் சர்வர் போய் நிற்கும். கூகுளின் அட்ரஸ் சானிடைசர் வேகமானது, ஆனால் மதிப்பு போடாத மெமரியை அது கண்டுகொள்ளாது. அதைப் பிடிக்கும் மெமரி சானிடைசருக்கோ, சேர்ந்து ஓடும் லைப்ரரிகளையும் அதற்கென்று மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

வார்னிங்கை வாயடைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் சாட்சி. ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க லைப்ரரி மதிப்பு போடாத மெமரியைத் தொடுகிறது என்று வால்கிரைண்ட் முணுமுணுத்ததால், 2006இல் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். ஒன்றை எடுத்ததில் நஷ்டமில்லை. மற்றதுதான் சாவி உருவாக்கத்துக்கு வேண்டிய தற்செயல் எண்களை உள்ளே கலந்துகொண்டிருந்தது. அது போனபின் மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். அதற்கு இருந்த வாய்ப்புகள் வெறும் 32,768. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் ஊகிக்கக்கூடிய சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன. கருவி பொய் சொல்லவில்லை. வார்னிங் எதைச் சுட்டுகிறது என்று முழுக்கப் புரிந்துகொள்ளாமல் அதை நிறுத்தியதுதான் வினை.

எல்லா வார்னிங்கும் பக் அல்ல என்பதும் உண்மை. ஒரு பைட் எழுத்துக்குப் பக்கத்தில் நாலு பைட் எண்ணை வைத்தால் நடுவில் மூன்று பைட் வெற்றிடம் விழும். அதோடு சேர்த்து டிஸ்க்கில் எழுதினால் கருவி குறை சொல்லும். படிக்கிறவர் அந்த பைட்டுகளைப் பார்ப்பதில்லை, கெடுதல் இல்லை. எந்த வார்னிங்கைக் காட்ட வேண்டாம் என்று கருவிக்குச் சொல்லும் போஸ்ட்கிரஸின் சப்ரஷன் ஃபைலில் இப்படிப்பட்டவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஏன் என்று கூடவே எழுதியும் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை வேறு வகை விலக்கின் மேல். சப்ரஷனில் எழுதும் ஃபங்ஷன் வரிசையில் மூன்று புள்ளி வைத்தால், அந்த இடத்தில் எத்தனை ஃபங்ஷன் வந்தாலும் பொருந்தும். அவசரத்தில் அப்படி எழுதிய ஒரு விலக்கு, இன்றைய பொய் வார்னிங்கோடு அடுத்த வருஷம் அதே வழியாக வரப்போகும் நிஜ பக்கையும் மறைத்துவிடும். மறுபடி ஓட்டிப் பார்க்கக்கூட அப்போது யாருக்கும் காரணம் இருக்காது.