தமனியும் சிரையும் குறுக்கிடும் இடம்

தமனியையும் சிரையையும் உடம்பைக் கீறாமல் நேருக்கு நேர் பார்க்க விழித்திரையை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரிடமும் அந்தக் காட்சி இருக்கிறது. விழித்திரைப் படம் எடுத்தால் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள்.

செம்மஞ்சள் தரை. மூக்குப் பக்கம் ஒரு வெளிர்மஞ்சள் வட்டு. அங்கிருந்து கிளம்பும் குழாய்கள் மேலும் கீழும் வளைந்து, கூர்பார்வைக்குரிய நடுப்புள்ளியை நோக்கிப் போகும். அந்தப் புள்ளியின் மேல் மட்டும் ஒன்றுகூட ஏறாது. என்ன அடக்கம்! தமனி ஒல்லி, இளஞ்சிவப்பு. சிரை சற்றே தடிமன், கருஞ்சிவப்பு. ஏறத்தாழ இரண்டுக்கு மூன்று என்ற கணக்கு.

தமனியின் முதுகில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும். பிரஷர் பல வருடம் நீடித்துச் சுவர் தடித்தால் கோடு அகன்று செம்புக் கம்பியின் நிறம் வரும். முற்றினால் வெள்ளிக் கம்பி. தமனி சிரையைத் தாண்டும் இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அங்கே இரண்டுக்கும் ஒரே உறை. தடித்த தமனி அழுத்த, சிரை இருபுறமும் கூம்பி, நடுவில் அறுந்ததுபோலத் தெரியும். லண்டன் கண் மருத்துவர் மார்கஸ் கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கண்டு எழுதினார். 1939இல் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் இத்தகைய அடையாளங்களை நான்கு படிகளாக்கி, ஆயுளோடு பொருத்தினார்கள். நல்ல மருந்தில்லாத அந்தக் காலத்தில், நான்காம் படியில் இருந்தவர்களில் மூன்று ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான்.

பக்கத்திலேயே ஓடினாலும் சிரை சொல்லும் சேதி வேறு. ராட்டர்டாம் நகர ஆய்வு 2004இல் கண்டது இது: சிரை அகன்றிருந்தவர்களுக்கு இரத்தத்தில் வெள்ளணுக்களும் ஈ.எஸ்.ஆரும் கூடுதல். இரண்டும் அழற்சியின் அடையாளங்கள். அழற்சியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது; இதயக் குழாயில் படிந்த கொழுப்பின் மூடியை நைந்துபோகச் செய்து மாரடைப்பில் கொண்டுவிடுவது அதுதான். கனகினுமாப் என்ற மருந்து கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தே, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு அடுத்த தாக்குதலைக் குறைத்ததை 2017இல் உலகம் பார்த்தது. ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத இரண்டு குழாய்களில் ஒன்று அழுத்தத்தையும் மற்றொன்று அழற்சியையும் எழுதிவைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புத்தான்.

பெண்களுக்கு இந்தப் படம் இன்னும் முக்கியம். அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், விழித்திரைத் தமனி குறுகியிருந்த பெண்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று வரும் பெண்களில் பலருக்கு ஆஞ்சியோவில் பெரிய குழாய்கள் சுத்தமாக இருக்கும். கோளாறு நுண்குழாய்களில் இருந்தால் ஆஞ்சியோ அதைக் காட்டாது; விழித்திரைப் படத்தில் தெரிவதோ நுண்குழாய்கள்தான். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ சர்க்கரைக்குக் கண் காட்ட வரும் அம்மாவின் விழித்திரைப் படத்தை இதய மருத்துவரும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.