பாழ்மனை யாருக்குப் பாழ்?

'பாழ்' என்பது நிலத்தின் குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நிலத்தைப் பார்ப்பவர் வைக்கிற பெயர். வருவாய்ப் பதிவேட்டில் 'புறம்போக்கு' என்று எழுதியிருக்கும் இடத்தில் மூன்று தலைமுறை பிள்ளை பெற்று வளர்த்திருக்கும். நகரத்துக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் துண்டு நிலங்களில் ஏழைகளுக்கு வீடு கட்டலாமே என்று இன்று பல நாடுகளில் எழுந்திருக்கும் பேச்சை ஆதரிக்கிறவன்தான் நானும். ஆனா யார் கட்டுறது, நிலம் யார் பேரில் இருக்கும், இருபது வருஷம் கழிச்சு அங்கே யார் குடியிருப்பாங்க என்கிற மூன்று கேள்விகளையும் தள்ளிவைத்துவிட்டால், மிஞ்சுவது கட்டடக்கலைப் பத்திரிகைக்கான வழவழப்பான படம் மட்டும்தான்.

இந்தப் பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது தென்கிழக்கு லண்டனின் லூயிஷம். 1970களில் அந்த நகராட்சியின் கையில் சில மனைகள் இருந்தன. ஒன்று சரிவு, இன்னொன்று மண் சரியில்லை, வேறொன்று ரொம்பச் சின்னது. அடுக்குமாடிக்கு ஒத்துவராதவை என்று ஒதுக்கப்பட்டவை. வால்டர் சீகல் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒரு முறை இருந்தது: மரச்சட்டம், கடையில் கிடைக்கிற அளவிலேயே வெட்டாமல் பொருத்தும் பலகைகள், தூண்களுக்கு மட்டும் சின்னச் சின்ன அஸ்திவாரக் குழிகள். செங்கல் அடுக்க வேண்டாம், பூச்சு வேலை வேண்டாம். கொத்தனார் வேலை தெரியாத ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டிவிடலாம். சரிவு நிலம் இதற்குத் தடையே இல்லை.

1976இல் லூயிஷம் நகராட்சி இதற்கு ஒப்புக்கொண்டது, ஒரே ஓட்டு வித்தியாசத்தில். வீட்டுக்காக நகராட்சிப் பட்டியலில் காத்திருந்தவர்களிடமிருந்து குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கையில் முதல் வேண்டியதில்லை, உழைப்பே முதல். அனுமதி, கடன், விதி என்று இழுத்தடித்து வேலை தொடங்கவே சில வருஷம் ஆயிற்று. சீகல் 1985இல் இறந்தார். அதன்பின் முடிந்த 13 வீடுகள் கொண்ட தெருவுக்கு 'வால்டர்ஸ் வே' என்று அவர் பேரையே வைத்தார்கள்.

இதுவரை கதை அழகாகத்தான் இருக்கிறது. நம்மூர்ச் சூழலியல் நண்பர்களும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்கிறேன். 1980இல் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. உரிமை என்ற சொல்லாடலுக்குள் சந்தை நுழைந்த விதம் இது. சீகல் வீடுகளும் காலப்போக்கில் தனிச் சொத்தாகிச் சந்தைக்கு வந்தன. இன்று அந்தத் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், அதைக் கட்டிய குடும்பத்தைப்போல நகராட்சிப் பட்டியலில் காத்திருக்கும் எவரும் அதை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீடு மீட்கப்பட்டது, நிலம் மீட்கப்படவில்லை, அதுதான் சிக்கல்.

இந்தப் பாடத்தைப் படித்தவர்களும் அதே லூயிஷத்தில்தான் இருந்தார்கள். வால்டர்ஸ் வேயில் வளர்ந்த ஒருவர் முன்கை எடுக்க, 2009இல் ஒரு சமூக நில அறக்கட்டளை தொடங்கியது. சர்ச் குரோவ் என்ற இடத்தில், பள்ளிக்கூடம் போய்ப் பாழாய்க் கிடந்த நகராட்சி மனையில் 36 வீடுகள். இங்கே நிலம் அறக்கட்டளையிடம் நீண்டகாலக் குத்தகையாக இருக்கிறது; விலை சந்தை விலைக்குக் கீழேயே நிற்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. முப்பத்தாறு வீட்டுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் போராட்டம். சின்ன மனைக்குப் பெரிய பொறுமை வேணும், அதுக்குக் கூலி கிடையாது.

இதற்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாகவே இருக்கிறது. சீகலை லூயிஷம் நகராட்சியோடு சேர்த்துவைத்தவர்களில் ஒருவரான அராஜகவாதச் சிந்தனையாளர் காலின் வார்ட், ஜான் டர்னரின் தோழர். டர்னர் பெரு நாட்டின் குடிசைப் பகுதிகளில் வேலை செய்தவர். மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே தீர்மானிக்கும்போதுதான் அது வீடாகிறது என்று வாதிட்டவர். 1970களில் இந்தச் சிந்தனையை உலக வங்கி கையில் எடுத்தது. அதிகாரம் மக்களிடம் என்ற பகுதியைக் கழற்றிவிட்டு, 'அரசு செலவைக் குறைக்கலாம்' என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தத் திட்டம்தான் 1977இல் சென்னைக்கு வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் தவணைக்கு விற்கப்பட்டன. கலகத்தின் சொல் கடன் பத்திரத்தின் சொல்லாக மாறியது இப்படித்தான்.

அதற்கு முன் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், குறைகள் எத்தனை இருந்தாலும், மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டியது. 1971இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதன்பின் அறிவிப்பு நின்றுபோனது. அறிவிக்கப்படாத இடத்தில் குடியிருப்பவர் சட்டத்தின் கண்ணில் 'ஆக்கிரமிப்பாளர்'. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அள்ளிக்கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றவாம்! 2021இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. குடிசை என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கப் போன வீடும் மீன் விற்ற சந்தையும் பிள்ளை படித்த பள்ளியும் அந்தச் சொல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

லூயிஷத்தில் தன் வீட்டைத் தானே கட்டியவர் நாயகர். அவர் பற்றிப் புத்தகம் வருகிறது. சென்னையில் ஓலையும் தார்ப்பாயும் கொண்டு, பொறியாளர் யாருமில்லாமல், கால்வாய் ஓரத்தில் வீடு கட்டித் தெருவும் கோயிலும் உண்டாக்கியவர் குற்றவாளி. இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. நடுவில் இருப்பது பட்டா என்ற ஒரு தாள். அந்தத் தாள் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதில் சாதிக்கு இருக்கும் பங்கை ஐரோப்பிய உதாரணங்கள் நமக்குச் சொல்லித்தராது. அதை நாம்தான் எழுதவேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை 'மலிவு வீடு' என்பதோடு நிற்கக்கூடாது. நகரத்துக்குள் பயன்படாமல் கிடக்கும் பொதுத்துறை, மாநகராட்சி மனைகளின் பட்டியலை வார்டுவாரியாக வெளியிடு. வெளியேற்றப்பட இருப்பவர்களுக்கு அதில் முதல் உரிமை கொடு. நிலத்தை யாருக்கும் விற்காதே, குடியிருப்பவர்களின் கூட்டுப் பொறுப்பில் விடு. இந்த மூன்றும் சேர்ந்தே வரவேண்டும். நான்கு சென்ட் இடத்தில் எத்தனை பேருக்கு வீடு கிடைத்துவிடும் என்று ஏளனம் செய்வார்கள். செய்யட்டும். 'இடமில்லை' என்று சொல்லித்தான் இத்தனை வருஷமாக ஜனங்களை வண்டியேற்றினார்கள். இடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் கையில் வந்துவிட்டால், அந்தப் பொய்யை மறுபடியும் சொல்வதற்கு அவர்கள் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டியிருக்கும். அடுத்த வண்டியை மறிப்பவர்களுக்கு அந்தத் தாள் உதவும்.