கையில் கனக்கும் காசு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு: 50 காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதாவது காசு ஒன்றுக்கு 9 கிராம். 1978-இல் வந்த பழைய விதிநூலிலோ 10 காசுக்கே ஒரு பவுண்டு, ஒவ்வொன்றும் 45 கிராம். ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் இந்த ஆட்டத்தை 1974-இல் வெளியிட்ட கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் புதையலைச் சுமையாகவே பார்த்தார்கள். பூதத்தின் குகையில் பொன் கிடைப்பதோடு வேலை முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வெளியே வரவேண்டும்.

தாளில் பென்சிலால் 'பொன் 1000' என்று எழுதிக்கொள்பவருக்கு இந்தச் சுமை உறைப்பதே இல்லை. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஆயிரம் பொற்காசுக்காகத் தருமியாக வரும் நாகேஷ் புலம்பும் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்போம்! அந்தக் கிழியை விதிநூல் கணக்கில் நிறுத்தால் 9 கிலோ. பழைய வராகன் பொற்காசின் 3.4 கிராம் கணக்கில் பார்த்தாலும் மூன்றரைக் கிலோவை ஒட்டி வரும். தருமி அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்க முடியாது.

நான் ஆட்டத்தை நடத்தும் எங்கள் மேசை இருப்பது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம். ஆட வருபவர்களில் பெரும்பாலோர் பாத் ரயிலேறி மன்ஹாட்டன் போய்வரும் மென்பொருள்காரர்கள். சம்பளமும் வாடகையும் நியூவர்க் அவென்யூவில் வாங்கும் முருங்கைக்காயின் விலையும் அவர்களுக்குத் திரையில் எண்ணாக வந்து எண்ணாகவே போகின்றன. அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு சுருக்குப்பையைக் கொடுத்து உள்ளே நிஜக் காசைப் போட்டால் ஆட்டமே மாறிவிடுகிறது. கோட்டைக் காவலனுக்குக் கையூட்டு தரும் கட்டம் என்று வையுங்கள். வெறும் பேச்சென்றால் "அஞ்சு பொன் குடுக்கறேன்" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். காசு கையில் இருக்கும்போது ஆள் இரண்டை நகர்த்துகிறார், என் முகத்தைப் பார்க்கிறார், மூன்றாவதை நகர்த்தியும் விரலை அதன்மேலேயே வைத்திருக்கிறார். "அண்ணே, போதும்ணே" என்று கெஞ்சுகிறார். காவலனாக நான் பேசாமல் காத்திருக்கிறேன். எந்த விதியும் எழுதித்தராத நாடகம் அந்த விரலில் இருக்கிறது.

எந்தக் காசு என்பதில்தான் ரசனை. கடையில் விற்கும் விளையாட்டுக் காசுகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து முலாம் பூசியவை. பார்வைக்குப் பளபளப்பு, மேசையில் போட்டால் மந்தமான சத்தம். அச்சிட்டு அடித்த காசின் ஓசை வேறு. ஆர்கன்சாவில் உள்ள ஷயர் போஸ்ட் மின்ட் போன்ற சிறு பட்டறைகள் செதுக்கிய அச்சுகளால் பித்தளையிலும் செம்பிலும் அடித்துத் தருகின்றன. விளிம்பு சற்றே கோணலாக, உருவம் சற்றே நகர்ந்து விழுந்திருக்கும். அந்தக் கோணல்தான் ஒரு காசைக் கருவூலத்திலிருந்து வந்ததாக நம்பவைக்கிறது.

செலவில்லாத வழியும் உண்டு. 2000-இல் வந்த சகாஜவியா டாலர் நாணயம் 8.1 கிராம். விதிநூலின் பொற்காசு எடைக்கு மிக அருகில் வருகிறது. செம்புக் கருவின்மேல் மாங்கனீசுப் பித்தளை என்பதால் கைபடக் கைபடப் பழுப்பேறி உண்மையிலேயே பழங்காசு போல ஆகிவிடும். நியூயார்க் சப்வேயின் மெட்ரோகார்டு இயந்திரங்கள் ஒருகாலத்தில் மீதியாகத் தள்ளியவை இவை. இப்போது வங்கியில் கேட்டால் 25 காசு கொண்ட உருளையாகத் தருவார்கள். முகமதிப்பே விலை, வேண்டாமென்றால் திரும்பப் போட்டுவிடலாம். பென்னியை மட்டும் நான் சேர்ப்பதில்லை. செப்பு முலாம் பூசிய துத்தநாகம், இரண்டரைக் கிராம், கையில் ஒன்றுமே சொல்லாது.

செம்புக்கு இந்த மாநிலத்திலேயே அருமையான முன்மாதிரி இருக்கிறது. 1786 முதல் 1788 வரை ஆண்டு பொறித்த நியூ ஜெர்சி செப்புக்காசில் ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன்கீழ் ஏர்க்கலப்பை, மறுபக்கம் கேடயம். ராவே, எலிசபெத்டவுன், மாரிஸ்டவுன் என்று நம் ஆட்கள் இன்று குடியிருக்கும் வட்டாரங்களில் அடித்தவை. சட்டம் சொன்ன எடை 150 கிரெய்ன், ஏறக்குறைய 9.7 கிராம். அதன் நகல்களைத்தான் எங்கள் கதையில் உழவர் நாட்டுக் காசாக்கியிருக்கிறேன். ஏரைப் பொறித்த காசு எந்த நாட்டுடையது என்று யாருக்கும் விளக்கவேண்டி வரவில்லை.

காசு துப்பாகவும் வேலை செய்யும். ராஜராஜன் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அருகே நாகரியில் அவன் பெயர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காசில் காளையும் தமிழில் 'சேது' என்ற சொல்லும். ஒரு பாழடைந்த கல்லறையில் இவற்றின் சாயலில் ஒரு நகலை வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். ஒருமுறை, இங்கே பிறந்து ஞாயிறு தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு பெண் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, அப்போ இவங்க கடல் வழியா வந்தவங்களா?" என்று கேட்டாள். பத்து நிமிட வருணனையில் என்னால் சாதிக்க முடியாதது அது.

ஆட்டத்தின் நாணயக் கணக்கில் எனக்கு ஒரு குறை. பத்துச் செம்பு ஒரு வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி வழவழப்பு. பழைய சென்னைப்பட்டணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். இந்தக் கோணல் கணக்கில்தான் காசுக்கடைச் செட்டியார் பிழைத்தார், ஊருக்கு ஊர் வட்டம் பிடித்தார். கதையில் எல்லை தாண்டும்போதெல்லாம் கணக்கு மாறினால் நாணயம் மாற்றுபவர் ஒரு கதாபாத்திரமாக முளைத்துவிடுகிறார். அவருக்காக ஒரு சக்கரப்பலகை செய்துவைத்திருக்கிறேன். திருவிதாங்கூர்ச் சக்கரம் விரலில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய வெள்ளிக்காசு. எண்ணி மாளாது. அதனால் வரிசையாகக் குழி வெட்டிய பலகையில் ஒரு பிடியைக் கொட்டி ஆட்டுவார்கள், குழிக்கு ஒன்றாக விழும், மிஞ்சியதை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. அந்தச் சலசலப்பு கேட்டதுமே மேசையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் நான் மிகவும் மதிக்கும் காசுகள் செலவழிக்க முடியாதவை. நம் வீடுகளில் நேர்த்திக்கடன் என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைப்போம். அதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். ஒரு பாத்திரம் தெய்வத்திடம் வாக்குக் கொடுத்தால், அவர் பையிலிருந்தே ஒரு காசை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து மேசை நடுவில் வைக்கவேண்டும். நிறைவேற்றும்வரை அவிழ்க்கக்கூடாது. பசியில் இருந்தாலும், படகுக்கூலிக்கு ஒரு காசு குறைந்தாலும் அந்த முடிச்சு எல்லோர் கண்முன்னும் கிடக்கும். வாக்கை மீற ஒருவர் கை நீட்டி, முடிச்சைத் தொட்டு, திரும்ப எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். விதிநூலில் பக்திக்கு எத்தனையோ எண்கள் இருக்கின்றன. எதுவும் இவ்வளவு தூரம் போனதில்லை.

இன்னொன்று நெற்றிக்காசு. பாத்திரம் இறந்தால் அவருடைய தாளின் நெற்றியில், பெயருக்கு மேலே, ஒரு காசை வைக்கிறோம். பழைய கிரேக்கர்கள் இறந்தவர் வாயில் வைத்தது படகுக்காரனுக்கான கூலி. நம்முடையது வழியனுப்பு. ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அந்தக் காசை வைப்பதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. வைப்பவர் பெரும்பாலும் அந்தப் பாத்திரத்தோடு அதிகம் சண்டை போட்டவர்.

ஒவ்வொரு தோசைக்கும் சத்திர வாடகைக்கும் காசை எண்ணிக் கொடுக்கச் சொன்னால் இதெல்லாம் சலித்துவிடும். சில்லறைச் செலவைத் தாளில் எழுதிக்கொள்ளட்டும். கையூட்டு, கூலி, கடன், திருட்டு, வாக்கு, சாவு: இவற்றுக்கு மட்டும் காசு வெளியே வரட்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் என்ன வாங்கி வரலாம் என்று கேட்கிறார்கள். நூறாண்டு கடந்த நாணயம் 1972-இன் தொல்பொருள் சட்டப்படி இந்தியாவை விட்டு வெளியே வரக்கூடாது. ஆகவே சோழன் காசென்று யார் நீட்டினாலும் வேண்டாம், நகல் போதும். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா பழங்காசு வியாபாரிகளிடம் மலிவாகக் கிடைக்கும். வெண்கலம், நடுவில் துளை, கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டலாம். திருடன் பாத்திரம் ஏற்பவருக்கு அதைத்தான் கொடுங்கள். கயிறு சத்தம் போடாமல் நடக்க அவர் தானாகக் கற்றுக்கொள்வார்.