உடைந்தது கற்றுத் தருமா?

பொறியியலில் தோல்விக்கு என்ன இடம் என்று கேட்டால், ஹென்றி பெட்ரோஸ்கியைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் கற்பித்தவர். 1985-இல் வெளிவந்த அவருடைய ‘டு இன்ஜினியர் இஸ் ஹியூமன்’ இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூல். அவர் வாதம் இது: ஒவ்வொரு வடிவமைப்பும் ஒரு கருதுகோள். பாலம் நிற்கிறது என்றால் அந்தக் கருதுகோள் இன்னும் பொய்யாகவில்லை என்றுதான் பொருள், மெய்யென்று நிரூபணமாகிவிடவில்லை. விழும்போதுதான் கணக்கு எங்கே பிசகியது என்று தெரிகிறது. ஆகவே வெற்றியைவிடத் தோல்வியே பொறியியலை வளர்க்கிறது.

மேலாண்மைப் பயிற்சி முகாம்களும் ஸ்டார்ட்-அப் மேடைகளும் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, தோற்பதே ஒரு தகுதி என்கிற அளவுக்கு நீர்த்துப்போகச் செய்துவிட்டன. பெட்ரோஸ்கி அப்படிச் சொன்னவரல்ல. ஆனால் அவர் சொன்னதையும் உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

அவர் பக்கத்துக்கு மிக வலுவான சான்று காமெட் விமானம். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான அது 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று எல்பா தீவுக்கு அருகே நடுவானில் சிதறியது. 35 பேர் இறந்தார்கள். சேவையை நிறுத்தினார்கள். காரணம் பிடிபடாத நிலையிலேயே, இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று ஊகித்துப் பல மாற்றங்கள் செய்து, மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று அதே போலச் சிதறி 21 பேரைக் கொண்டுபோனது.

அதன் பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஆர்னால்ட் ஹால் தலைமையில் நடந்த விசாரணைதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஒரு காமெட்டின் உடற்கூட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பறப்பிலும் கூட்டின்மேல் ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். அந்த விமானம் ஏற்கெனவே பறந்த பறப்புகளையும் சேர்த்து எண்ணிக்கை மூவாயிரத்தைச் சற்றுத் தாண்டியதும் கூடு கிழிந்தது. கூட்டில் வெட்டியிருந்த ஒரு திறப்பின் மூலையில் கிழிசல் தொடங்கியிருந்தது. உலோகச் சோர்வு.

இதில் என்னை அதிகம் உலுக்குவது இன்னொரு தகவல். தயாரித்த நிறுவனம் இதே மாதிரியான சோதனையை முன்பே செய்திருந்தது. அவர்களுடைய மாதிரிக் கூடு 16,000 முறை தாங்கியது. காரணம், சோர்வுச் சோதனைக்கு முன்னால் அதே கூட்டை, பலம் பார்ப்பதற்காக, வழக்கமான அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அதில் மூலைகளில் இருந்த உலோகம் நிரந்தரமாகச் சற்று இழுபட்டது. அழுத்தத்தை விட்டதும் சுற்றியிருந்த பகுதி அந்த மூலைகளை உள்நோக்கி நெருக்க, அந்த நெருக்கமே விரிசல் பிறப்பதைத் தள்ளிப்போட்டது. பயணிகளை ஏற்றிப் பறந்த விமானங்கள் அவ்வளவு அழுத்தத்தைப் பார்த்ததே இல்லை. நேர்மையாகச் செய்த சோதனையே பொய் நம்பிக்கையைத் தந்தது. வெற்றி ஏமாற்றும் என்று பெட்ரோஸ்கி சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆனால் அதே கதை அவருடைய வாதத்தின் மறுபாதியைப் பலவீனமாக்குகிறது. எல்பா விபத்து யாருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. கற்பித்திருந்தால் நேப்பிள்ஸ் நடந்திராது. பாடம் வந்தது தொட்டியிலிருந்து. விசாரணையின் முடிவைப் போட்டி நிறுவனங்களும் படிக்கும்படி வெளியிட்டதிலிருந்து. தோல்வி வெறும் சாட்சி. கேட்கத் தெரிந்தவர் கேட்டால் பேசும். இல்லாவிட்டால் கடலடியில் கிடக்கும்.

அடுத்து, பெட்ரோஸ்கியே விரிவாக எழுதிய விபத்து. 1981 ஜூலை 17 மாலை, கான்சாஸ் சிட்டியின் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் கூடத்தில் நடன நிகழ்ச்சி. மேலே இருந்த நடைபாலங்கள் இரண்டு கூட்டத்தின்மேல் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் மாடிப் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்து இரண்டாம் மாடிப் பாலம் வரை போனது. அந்தந்தப் பாலத்தின் எடை அந்தந்த நட்டின்மேல் மட்டும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டி நட்டை ஏற்றுவது சிரமம் என்று அதை இரண்டு துண்டாக்கினார்கள். கீழ்ப்பாலம் இப்போது மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்து தொங்கியது. மேல்நட்டின்மேல் விழுந்த சுமை அப்படியே இரட்டிப்பானது. முதல் வரைபடமே கட்டட விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது.

இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? நட்டின்மேல் எத்தனை பாலத்தின் எடை விழுகிறது என்பது இரண்டாம் ஆண்டு மாணவர் போடும் கணக்கு. அதை யாரும் போடவில்லை. போட வேண்டியவர் யார் என்பதும் தயாரிப்பாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் நடுவே நழுவிவிட்டது. கட்டுமானத்தின்போதே, 1979-இல், அதே கூடத்தின் கூரையில் ஒரு பகுதி விழுந்திருந்தது. தோல்வி கற்றுத் தரும் என்றால் அது அங்கே கற்றுத் தந்திருக்க வேண்டும்.

சேலஞ்சர் விண்ணோடத்தில் நிலைமை இன்னும் மோசம். ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையங்கள் அரிபடுவது 1981-இலேயே தெரியும். 1986 ஜனவரி 28 ஏவுதலுக்கு முந்தின இரவு, இந்தக் குளிரில் வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். ஏழு பேர் போனார்கள். 2003-இல் கொலம்பியா விண்ணோடத்தோடு இன்னும் ஏழு பேர். எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்று விழும் நுரைத்துண்டு விண்ணோடத்தை அடிப்பதும் பல பறப்புகளில் பார்த்துப் பழகிப்போன விஷயம். அடையாளம் கண்டும் பத்திரமாக இறங்கிவிட்டதால் அது ஆபத்தில்லை என்று ஆகிவிட்ட அதே மனப்போக்கு 17 ஆண்டு கழித்தும் மாறியிருக்கவில்லை என்று விசாரணைக் குழுவே எழுதியது. கற்ற பாடமும் நிலைப்பதில்லை. தொங்கு பாலங்களைக் காற்று முறிக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிந்திருந்தது; 1940-இல் காற்றில் முறிந்த டகோமா பாலத்தைக் கட்டியவர்கள் அதை மறந்திருந்தார்கள். இந்த மறதியைப் பெட்ரோஸ்கியும் பிற்கால நூல்களில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதனால் தன் அடிப்படை வாதம் ஆட்டம் காண்கிறது என்று அவர் கருதவில்லை. எனக்கு அது ஆட்டம் காண்பதாகவே படுகிறது.

நமக்கு நெருக்கமான எஸ்.எல்.வி-3 கதையும் இங்கே வரவேண்டும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ராக்கெட் வங்கக் கடலில் விழுந்ததும், அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தன் தோளில் ஏற்றதும், 1980 ஜூலை 18 வெற்றியின்போது திட்டத் தலைவர் கலாமை முன்னிறுத்தியதும் தமிழ்ப் பள்ளிகளில் ஓயாமல் சொல்லப்படுகின்றன. அந்த வால்வை யாரும் சொல்வதில்லை. ஏவுதலுக்கு எட்டு நிமிடம் முன்பு திறந்த ஒரு சோலினாய்டு வால்வு, உள்ளே புகுந்த மாசால் மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் ஒழுகித் தீர்ந்தது. தவானின் பெருந்தன்மை விசாரிக்கிறவர்களுக்குப் பயமில்லாத இடத்தைத் தந்தது, அது பெரிய விஷயம். ஆனால் மறு ஆண்டு ராக்கெட் ஏறியதற்கு அந்த வால்வைத் தேடிக் கண்டுபிடித்ததும் காரணம். 1979-இல் தோற்றதோ உள்ளே ஆள் இல்லாத சோதனைப் பறப்பு. பெட்ரோஸ்கியின் வாதம் முழுமையாகப் பொருந்துவது இத்தகைய தோல்விக்குத்தான்.

எனவே என் தீர்ப்பு இப்படிப் போகிறது. அறியாமை உண்மையாக இருந்த இடத்தில், விசாரணை திறந்த கதவோடு நடந்த இடத்தில், அவர் சொல்வது சரி. தெரிந்ததைச் செய்யாமல் விட்ட இடத்துக்கு அதே வாதத்தை நீட்டினால், இறந்தவர்களைக் கல்விக் கட்டணமாக்கிவிடுகிறோம். 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். புதுப்பித்துத் திறந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. அறுந்த கேபிளின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறியிருந்தன, பழைய தொங்கல் கம்பிகளைப் புதியவற்றோடு வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள் என்றது சிறப்புப் புலனாய்வுக் குழு. துரு இரும்பைத் தின்னும் என்று கற்றுக்கொள்ள 135 உயிர் தேவைப்படவில்லை. அந்த விபத்தைப் பொறியியலின் வளர்ச்சிக் கதையில் சேர்க்க எவருக்கும் உரிமை கிடையாது.

தோல்வி பற்றிய வகுப்பு என்றால் டகோமா பாலம் முறுக்கிக்கொண்டு ஆடும் படத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும்; இயற்கை நம்மை மிஞ்சியது போன்ற எண்ணத்தையும் தரும். அந்த வகுப்பில் ஹயாத்தின் நட்டு வரைபடங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றத்துக்கு ஒப்புதல் முத்திரை போட்டது யார் என்று மாணவர்களைத் தேடச் சொல்ல வேண்டும். மோர்பி புலனாய்வு அறிக்கையையும் அதே மேசையில் வைக்கலாம்.