‘அடிச்சானா?’

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட். லைன் வீடு. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். ஓர் அறை விழுந்தால் லைனுக்கே தெரிந்துவிடும்.

ஆனால், இந்தப் புருஷன் அறைவதில்லை. குடிப்பதும் இல்லை. அவள் கொழுந்து பறித்த கூலி பேங்க்கில் விழுகிறது, ஏ.டி.எம். கார்டு அவன் சட்டைப்பையில். ராத்திரி அவள் போனை வாங்கி யார் யாரிடம் பேசினாள் என்று பார்ப்பான். அம்மா வீட்டுக்குப் போய் வந்தால் ஒரு வாரம் பேசமாட்டான். நேற்று சொன்னதையே இன்று, “நான் எப்ப சொன்னேன்? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்பான். பத்து வருஷம் இதைக் கேட்டால் அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடாதா?

ஒருநாள் துணிந்து பஸ் ஏறி ஊட்டி கோர்ட்டுக்குப் போகிறாள் என்று வையுங்கள். சொந்தக்காரர் முதல் வக்கீல் வரை நம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: “அடிச்சானா?”

சட்டம் இதைக் கேட்கச் சொல்லவில்லை. 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனநலத்தைக் கெடுப்பதும் வன்முறைதான் என்கிறது. அவமானப்படுத்துவது, பணத்தை முடக்குவது எல்லாம் அதில் வருகிறது. மன வேதனைக்கு நஷ்டஈடும் உண்டு. மாஜிஸ்திரேட்டிடம்தான் போகவேண்டும் என்பதில்லை. குடும்ப நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கிலேயே இந்த நிவாரணங்களைக் கேட்கலாம்.

அப்புறம் எங்கே இடிக்கிறது? கோர்ட்டுக்குச் சம்பவம் வேண்டும். தேதி, இடம், சாட்சி. இவள் பட்டது சம்பவம் இல்லை, பழக்கம். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பம். ‘ஒரு வாரம் பேசலையா? இதெல்லாம் ஒரு குத்தமா?’ என்று சிரிப்பீர்கள். சேர்த்துப் பார்த்தால்தான் கழுத்தில் கயிறு தெரியும்.

சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. 2007-ல் சமர் கோஷ் வழக்கில், மனரீதியான கொடுமையை முடிவு செய்யும்போது மணவாழ்க்கையை முழுசாகப் பார்க்கவேண்டும் என்றது. அந்த வழக்கில் கொடுமை என்று முறையிட்டவர் கணவர். ஆண்களுக்கும் இது நடக்கிறது.

1984-ம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசம் பேசச் சொல்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், இப்படிப்பட்டவனுக்குச் சமரச அறை இன்னொரு மேடை. அவன் நிதானமாக, மரியாதையாகப் பேசுவான். இவள் அழுவாள், தடுமாறுவாள், கத்துவாள். யாருக்குப் புத்தி பேதலித்தது என்று பார்ப்பவர் முடிவு கட்ட அஞ்சு நிமிஷம் போதும்.

பஞ்சாபில் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நாலு சுவருக்குள் நடப்பதை நிரூபிக்க வேறு வழியில்லாத பெண்ணுக்கு இது உதவும். ஆனால் ஒன்று யோசியுங்கள். போன் யார் கையில் இருக்கிறது? ஒரு மணி நேரம் சீண்டிவிட்டு, அவள் வெடிக்கும் ஒரு நிமிஷத்தை மட்டும் பதிவு செய்ய யாரால் முடியும்?

இங்கிலாந்து 2015-ல், அடிக்காமலே தொடர்ந்து அடக்கி ஆள்வதைத் தனிக் குற்றமாக்கியது. ஐந்து வருஷம் வரை ஜெயில். நமக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நம் குடும்ப நீதிமன்றம் நிபுணர்களின் உதவியைக் கேட்கலாம். சாதாரண சாட்சிய விதிகளுக்குள் வராத ஆவணத்தையும், உபயோகம் என்று தோன்றினால் ஏற்கலாம். அவள் தேதி போட்டு எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டைக்கூட.

கேள்வியை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. “அடிச்சானா?” வேண்டாம். “உன் கார்டு யார்கிட்டம்மா இருக்கு?” என்று ஒருத்தர் கேட்கட்டும். அவள் பேச ஆரம்பித்துவிடுவாள்.